கல்யாண மண்டபத்தில் கச்சேரி: கேட்க வருகிறவருக்கு அரங்கம் எப்படி இருக்க வேண்டும்?

காவிரிக்கரை எழுதியது:

எங்கள் ஊர் சபாவுக்குச் சொந்த இடம் கிடையாது. கோயில் மண்டபம், பள்ளிக்கூட ஹால் என்று மாற்றி மாற்றி மாதம் ஒரு கர்நாடக இசைக் கச்சேரி நடக்கிறது. இப்போது ஒரு பழைய கல்யாண மண்டபத்தை ஐந்து வருடக் குத்தகைக்குத் தர உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். சுவரில் ஆணி அடிக்கலாம், ஜன்னலை மாற்றலாம், இடிக்க மட்டும் கூடாது.

ஹால் 80 அடி நீளம், 40 அடி அகலம், 18 அடி உயரம். குறுகிய பக்கத்தில் மேடை, தரையிலிருந்து 3 அடி. தரை டைல்ஸ், சுவர் பூசிப் பெயிண்ட் அடித்தது, மேலே வெறும் காங்கிரீட். நீளப் பக்கம் இரண்டிலும் ஆறு ஆறு ஜன்னல். ஒரு பக்கம் பஸ் போகும் தெரு. சீலிங் ஃபேன் 12, ஏசி இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி 350. வழக்கமாக வருகிறவர்கள் 100 முதல் 150 பேர். ஆராதனை சமயத்தில் மட்டும் ஹால் நிரம்பும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் 60 வயது தாண்டியவர்கள்.

கையில் 6 லட்சம் இருக்கிறது. கமிட்டியில் நாலு பேருக்கு நாலு கருத்து: புது ஸ்பீக்கர் செட், ஏசி, குஷன் நாற்காலி, மேடைக்குப் பின்னால் எல்இடி திரை. கை தட்டினால் ஹால் முழுக்க ‘டர்ர்ர்’ என்று ஓடுகிறது. மைக்கில் பேசினால் பாதி ஹாலுக்கு மேல் புரிவதில்லை. ரசிகர் பக்கம் நின்று பார்த்தால் முதல் பணத்தை எதில் போடுவது?

சுவர்க்கோழி பதில்:

ஸ்பீக்கரைக் கடைசியில் பார்க்கலாம். எல்இடி திரையை மறந்தே விடலாம். உங்கள் ஹாலின் வியாதி அந்த ‘டர்ர்ர்’தான். அதை அப்படியே வைத்துக்கொண்டு என்ன விலையில் ஸ்பீக்கர் வாங்கினாலும் அதே சேறு இன்னும் உரக்கக் கேட்கும், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஹாலின் கன அளவு 57,600 கன அடி. அதை 0.049ஆல் பெருக்கினால் 2,822. இதை ஹாலுக்குள் இருக்கும் மொத்த உறிஞ்சலால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் இறங்கி அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று வரும். சபைன் சூத்திரம் இது. டைல்ஸும் பூச்சும் காங்கிரீட்டும் தங்கள் மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குபோலத்தான் விழுங்கும். உங்கள் தரை, சுவர், மேல்தளம் சேர்த்து 10,720 சதுர அடி, அதற்கு 320. ஜன்னல், மேடைத் திரை, நாற்காலி எல்லாம் சேர்த்துத் தாராளமாக 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி ஹாலில் 4.7 விநாடி. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 4.5 அளவு உறிஞ்சுவார். ஆகவே 120 பேர் வந்தால் 2.5 விநாடி, 350 பேர் நிரம்பினால் 1.3 விநாடி.

மைக் வைத்துப் பாடும் கர்நாடகக் கச்சேரிக்கு 1.0 முதல் 1.4 வரை இருந்தால் சுகம். அதாவது ஆராதனையன்று உங்கள் ஹால் தானாகவே நன்றாக இருக்கும்; மற்ற பதினோரு மாதமும் கெடும். கமிட்டியில் யாராவது ‘போன தடவை நன்றாகத்தானே இருந்தது’ என்று சொல்வார்கள். அவர் சொல்வது நிரம்பிய ஹாலை. வியன்னாவின் முசிக்வெரைன் அரங்கில் ஆள் நிரம்பியும் 2 விநாடி இருக்கிறது, உலகமே புகழ்கிறது. அங்கே வாசிப்பது சிம்ஃபனி. நீண்ட நாதங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிவது அந்த இசைக்கு அழகு. இங்கே மூன்றாம் காலத்தில் வேகமாக ஓடும் கல்பனாஸ்வரத்திலோ, மிருதங்கத்தின் விரைந்த சொற்கட்டான பரனிலோ ஒரு சொல் அடங்குமுன் நாலு சொல் வந்துவிடும்.

இதில் குஷன் நாற்காலிக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. 1895இல் ஹார்வர்டில் ஃபாக் மியூசியத்தின் விரிவுரைக் கூடம் இதே நோயில் கிடந்தது. காலியாக இருந்தால் ஐந்தரை விநாடி. வாலஸ் சபைன் பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டரிலிருந்து இருக்கைக் குஷன்களை அள்ளிக்கொண்டு வந்து அடுக்கி அடுக்கி அளந்துதான் மேலே சொன்ன சூத்திரத்துக்கு வந்து சேர்ந்தார். துணி போட்ட குஷன் நாற்காலி காலியாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஆள் உட்கார்ந்த அளவுக்கு உறிஞ்சும். கூட்டம் கூடினாலும் குறைந்தாலும் ஹால் ஒரே மாதிரி இருக்கும். ரெக்சின் போட்டால் அந்தப் பலன் போய்விடும். ஆனால் 350 வாங்க உங்கள் பணம் காணாது. 120 வாங்குங்கள், முன் வரிசைகளுக்கு.

முதல் செலவு சுவருக்கு. 1,000 சதுர அடி பேனல் போட்டால் 800 அளவு உறிஞ்சல் கூடும். காலி ஹால் 2.0 விநாடிக்கு வரும், 120 பேருக்கு 1.45, நிரம்பினால் 0.95. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள கண்ணாடிக் கம்பளி அல்லது ராக்வுல், 2 அங்குலத் தடிமன், மரச்சட்டத்தில். சுவருக்கும் அதற்கும் நடுவே இன்னொரு 2 அங்குலம் இடைவெளி விடுங்கள். காசில்லாமல் கீழ் ஸ்தாயியில் கூடுதல் உறிஞ்சல் கிடைக்கும். மேலே போர்த்தும் துணியை வாயருகில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு அந்தப் பக்கம் போனால் ஒலியும் உள்ளே போகும். பெயிண்ட் அடித்த துணி, ஃபிளெக்ஸ், ரெக்சின் எதுவும் ஆகாது.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் மேடைக்கு எதிர்ச்சுவர். ஒலி ஒரு அடி போக ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி என்று வையுங்கள். மேடையிலிருந்து கிளம்பியது 80 அடி போய் 80 அடி திரும்பிவர 140 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். அது ஒன்றோடொன்று கலந்து நீளும் முழக்கம் (ரிவெர்ப்) இல்லை, தனி எதிரொலி. முன்வரிசைக்காரர் ஒவ்வொரு அடியையும் இரண்டு முறை கேட்பார், பாடுகிறவருக்குத் தாளம் இழுக்கும். அடுத்தது நீளப் பக்கச் சுவர்கள்: ஜன்னல்களுக்கு நடுவே, எதிரும் புதிருமாக வராமல் மாற்றி மாற்றி. ‘டர்ர்ர்’ என்று ஓடுவது இந்த இரண்டு சுவருக்கும் நடுவே பந்தாடும் ஒலிதான். மேடையைச் சுற்றிய சுவரையும் ஹாலின் முன்பாதி மேல்தளத்தையும் வெறுமையாகவே விடுங்கள். அங்கிருந்து உடனே திரும்பும் ஒலி பின் வரிசைக்கு உதவி.

செய்யக் கூடாதவை: முட்டை அட்டை, தெர்மோகோல் இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. சுவரில் கார்ப்பெட் ஒட்டினால் மேல் ஸ்தாயி மட்டும் சாகும்; மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நாதம் போய், இடப்பக்கமான தொப்பியின் ‘கும்’ மட்டும் ஹாலில் சுற்றும். சோபாவுக்குப் போடும் ஃபோமை ஒட்டவே ஒட்டாதீர்கள். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு கிளப்பில் சுவரில் ஒட்டியிருந்த ஃபோம் வாணவேடிக்கையில் பற்றி 100 பேர் இறந்தார்கள்.

தெருப்பக்க ஜன்னல் ஆறையும் அடைத்துவிடுங்கள். பழைய கதவைச் சாத்தி, இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி, உள்பக்கம் நாலு அங்குலம் தள்ளி இன்னொரு கண்ணாடி. இடுக்கு ஒரு நூல் இருந்தாலும் சத்தம் அதன் வழியே வரும். கண்ணாடி எவ்வளவு கனம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஃபேடர் பதில்:

சுவர்க்கோழி சார் சொன்னதுல மறுப்பு இல்ல. மைக் பக்கத்து விஷயம் மட்டும் சொல்றேன்.

முதல்ல மிக்சர் எங்க இருக்குன்னு பாருங்க. முக்கால்வாசி ஹால்ல ஆபரேட்டரை மேடை ஓரத்துல திரைக்குப் பின்னாடி உக்கார வெச்சிருப்பாங்க. அவருக்குக் கேக்கறது மானிட்டர், அதாவது வித்வான்களுக்காக மேடைல வெச்ச ஸ்பீக்கர் மட்டும்தான், ஹால் கேக்காது. வித்வான் விரலை மேல காட்டினா ஏத்துவார், ஹால்ல என்ன ஆகுதுன்னு தெரியவே தெரியாது. ஹாலோட மூணுல ரெண்டு பங்கு தூரத்துல, நடுவுலேர்ந்து கொஞ்சம் தள்ளி ஒரு மேசை போட்டுக் குடுங்க. நாலு நாற்காலி போகும், போகட்டும்.

அடுத்தது எத்தனை மைக். தொறந்து இருக்கற மைக் எண்ணிக்கை ரெட்டிப்பு ஆகறப்பல்லாம் மைக் ஊளையிட்டுக் கத்தாம ஏத்தக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். ஒண்ணுக்கு பதிலா எட்டு மைக் தொறந்தா 9 டெசிபல் போச்சு. வாய்ப்பாட்டுக்கு ஒண்ணு, வயலினுக்கு ஒண்ணு, மிருதங்கத்துக்கு ரெண்டு, கடம், கஞ்சிரா மாதிரி உப பக்கவாத்தியத்துக்கு ஒண்ணு. போதும். வரவேற்புரை மைக்கை மூடி வைங்க. அதை மறந்துட்டுத்தான் பாதி கச்சேரி ஊளையிடுது. சுருதிப் பெட்டியை மெயின் ஸ்பீக்கர்ல ஏத்தவே வேண்டாம். வித்வானுக்குக் கேட்டா சரி, முன் வரிசைக்கு லேசாத் தெரிஞ்சா சரி.

பாடறவருக்கு ஷூர் எஸ்எம்58 மாதிரி சாதாரண டைனமிக் மைக்கே போதும், வாயிலேர்ந்து ஒரு சாண் தூரத்துல. ரொம்ப ஒட்டினா கீழ் ஸ்தாயி உப்பும், தள்ளினா ஹால் சத்தம் உள்ள வரும். 100 ஹெர்ட்சுக்குக் கீழ வெட்டிடுங்க. மிருதங்கத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஆறு அங்குலம் தள்ளி, தோலோட நடுவுக்கு நேரா இல்லாம கொஞ்சம் சாய்வா. தொப்பி உங்க ஹால்ல 200, 250 ஹெர்ட்ஸ்கிட்ட உருளும். தொப்பி சேனல்ல மட்டும் அங்க குறைங்க, மொத்த மிக்ஸ்ல குறைச்சா குரல் மெலிஞ்சிடும். வயலினுக்கு வாத்தியத்துலயே ஒட்டற காண்டாக்ட் மைக் போட்டா கத்தாது, ஆனா மூக்கால பேசற மாதிரி இருக்கும். கண்டென்சர் மைக் ஒண்ணு மேலேர்ந்து பாக்கற மாதிரி வெச்சா வில்லோட மூச்சு வரும்.

மானிட்டர்தான் ஹாலைக் கெடுக்கற எமன். முன்பக்கத்தை மட்டும் நல்லாக் கேக்கற கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னாடிதான் காது கேக்காது. அதனால மானிட்டரை மைக்கோட வாலுக்கு நேரா, பாடறவர் முகத்தைப் பாத்து வைக்கணும். இன்னும் குறுகலாக் கேக்கற சூப்பர் கார்டியாய்டுன்னா செவிட்டு இடம் நேர் பின்னாடி இல்ல, ரெண்டு பக்கமா தள்ளி இருக்கும். பழைய இடத்துலயே மானிட்டரை வெச்சுட்டு புது மைக் மோசம்னு சொல்லக் கூடாது. ஒருத்தர் மிருதங்கம் ஏத்தச் சொல்வார், உடனே வயலின்காரர் தன்னை ஏத்தச் சொல்வார், அப்புறம் குரல். மூணு பாட்டுக்குள்ள மானிட்டர் மேடையை ரொப்பி, பின்சுவர்ல அடிச்சு, மங்கலா ஹாலுக்கு வரும். முன் நாலு வரிசைக்குக் குரல் தெளியாததுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். யாராவது ஏத்தச் சொன்னா முதல்ல மத்ததைக் குறைச்சுப் பாருங்க. பத்துல ஏழு தடவை தலையாட்டிடுவார்.

ஸ்பீக்கர் வாங்கற நாள் வந்தா ஒல்லியா உயரமா நிக்கற காலம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி பாருங்க. மேலயும் கீழயும் ஒலியைச் சிந்தாது, காங்கிரீட் தளத்துல அடிக்கறது குறையும். ஹாலோட பின்பாதிக்கு இன்னொரு சின்ன ஜோடி, மெயின்லேர்ந்து 45 அடில. அதுக்கு டிலே (சத்தத்தைக் கொஞ்சம் தாமதமா விடறது) போடாம விட்டா பின்னாடி இருக்கறவருக்கு ரெண்டு குரல் கேக்கும். 45 அடிக்கு 40 மில்லி விநாடி, அதோட 10 சேத்து 50 போடுங்க. அப்பதான் சத்தம் பின் ஸ்பீக்கர்லேர்ந்து வந்தாலும் மேடைலேர்ந்து வர்ற மாதிரி தோணும்.

அளவு: நடு ஹால்ல சராசரி 78லேர்ந்து 82 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் 2022ல இசை அரங்கங்களுக்கு வெச்ச உச்சவரம்பு 15 நிமிஷச் சராசரி 100 டெசிபல். கர்நாடகக் கச்சேரி அதுக்குப் பக்கத்துல போகவே அவசியம் இல்ல. நாகஸ்வரக் கச்சேரின்னா இந்த ஹால்ல மைக்கே வேண்டாம். தவிலுக்கு மைக் வைக்கறது தீபாவளிக்கு வெடி சத்தம் பத்தலைன்னு சொல்ற மாதிரி.

கரண்ட்: சவுண்டுக்குத் தனி பேஸ், நல்ல எர்த். சீரியல் லைட், டிம்மர், ஃபேன் ரெகுலேட்டர் இருக்கற லைன்லயே மிக்சரைச் சொருகினா ‘உம்ம்’னு 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் தம்பூரா கூடவே சுருதி சேராம ஓடும். மிக்சருக்கு ஒரு யுபிஎஸ். ஜெனரேட்டர் மாறற ஆறு விநாடில டிஜிட்டல் மிக்சர் அணைஞ்சா, மறுபடி எழுந்திருக்க ஒரு நிமிஷத்துக்கு மேல கூட ஆகும்.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. போனில் ஒரு மீட்டர் ஆப் வைத்து அளந்தேன். எல்லா ஃபேனும் முழு வேகத்தில்: 52 டெசிபல். ஃபேன் அணைத்தால் 38. பஸ் போகும்போது 58. எல்இடி திரை கேட்டவரிடம் பேசிவிட்டேன், ஒதுங்கிக்கொண்டார். ஏசிக்காரர் ஒதுங்கவில்லை.

உட்காரும் வரிசை, வயதானவர்கள், மேடை உயரம், கேண்டீன் இதெல்லாம் எப்படி அமைப்பது?

கடைசிவரிசை ரசிகை பதில்:

தம்பி, சமதளத் தரையில் முன்னால் இருப்பவர் தலைக்கு மேலாகப் பார்ப்பது என்பது நடக்காத காரியம். உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து 3 அடி 10 அங்குலத்தில் இருக்கும், உச்சந்தலை அதற்கு மேல் நாலரை அங்குலம். வரிசைக்கு வரிசை 3 அடி விட்டாலும் அந்தத் தலையைத் தாண்டும் பார்வை மேடைக்குப் போகுமுன் தளத்தை நோக்கி ஏறிவிடும். இரண்டு தலைகளுக்கு நடுவேதான் பார்க்க முடியும். ஆகவே ஒன்று விட்டு ஒரு வரிசையை அரை நாற்காலி தள்ளிப் போடுங்கள். செலவு இல்லாத வேலை. சொல்லி வைத்தாலும் நாற்காலி போடும் பையன்கள் நேராக்கிவிடுவார்கள். தரையில் பெயிண்டில் புள்ளி வைத்துவிடுங்கள்.

40 அடி அகலத்தில் நடுவே 4 அடி வழி, இரு ஓரமும் 2 அடி, பக்கத்துக்கு 9 ஆக வரிசைக்கு 18 நாற்காலி. ஓர வழியில் கூட்டம் வந்த நாளில் கூடுதல் நாற்காலி போடக் கூடாது. 1997இல் டெல்லி உபஹார் தியேட்டரில் 59 பேர் இறந்ததற்கு, வழியை அடைத்துக் கூடுதலாகப் போட்டிருந்த இருக்கைகளும் ஒரு காரணம். பின்கதவைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் இடுப்பில் வைத்திருக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள்.

மேடை 3 அடி என்கிறீர்கள். நம் வித்வான்கள் தரையில் உட்காருகிறவர்கள், அதனால் உள்ளே 16 அடிக்கு 8 அடியில் ஒன்றரை அடி உயர மரமேடை ஒன்று வேண்டும். அது வெறும் பெட்டியாக இருந்தால் தொடையில் போடும் தாளம்கூட மைக் ஸ்டாண்டு வழியே ‘தொம் தொம்’ என்று ஏறும். உள்ளே மணல் மூட்டை அடுக்கி மேலே ஜமக்காளம் விரியுங்கள். மேடை முன்விளிம்பில் பூத்தொட்டி வரிசை, ஸ்பான்சர் பலகை, மானிட்டர் எல்லாம் சேர்ந்து மிருதங்கத்தை மறைத்துவிடும். அரைப்பகுதி ரசிகர்கள் கையைப் பார்க்க வருகிறவர்கள் என்பதைக் கமிட்டி மறந்துவிடுகிறது. மிருதங்கம் வழக்கமாக நம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். மிருதங்கக்காரரின் இரண்டு கையும் தெரிய வேண்டும் என்றால் நடுவழிக்கு வலப்புறம் உட்கார வேண்டும். வில்லைப் பார்க்க ஆசைப்படுகிறவர் இடப்புறம். இடதுகை மிருதங்கக்காரர் வந்தால் இருவரும் இடம் மாறுவார்கள், நீங்களும் மாறுங்கள்.

வயதானவர்களுக்கு: கைப்பிடி உள்ள நாற்காலி, இருக்கை 17, 18 அங்குல உயரத்தில். தாழ்ந்த குஷனிலிருந்து எழ முடியாது. குஷன் வாங்கும்போது உட்கார்ந்து எழுந்து பார்த்து வாங்குங்கள், கமிட்டியில் மூத்தவரை அழைத்துப் போய். வாசல் படிக்குச் சரிவுப் பாதை: ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். கச்சேரிக்கு இடைவேளை கிடையாது. இரண்டரை மணி நேரம் ஓடும். ஆகவே கழிப்பறை ஹாலின் அதே மட்டத்தில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மேற்கத்திய கோப்பையும் சுவரில் பிடிகம்பியும். கைப்பம்பு சத்தமும் ஃபிளஷ் சத்தமும் ஹாலுக்குள் கேட்கிறதா என்று ஒருவரை உள்ளே நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

காதுக்கருவி போட்டவர்களுக்கு உரத்த சத்தம் உதவாது. கருவி எதிரொலியையும் சேர்த்துத்தான் பெருக்கும். சுவர்க்கோழி சொன்ன பேனல் அவர்களுக்குத்தான் முதல் உதவி. முன் நாலு வரிசையின் நடுப்பகுதியில் அவர்களுக்கு இடம் வையுங்கள். விஐபி சோபா அங்கேதான் போடுவீர்கள், பாதி நேரம் அது காலியாகவே கிடக்கும்.

கதவு: ஹைட்ராலிக் குளோசர், சட்டத்தில் ரப்பர். கதவைத் திறந்தால் வெளி விளக்கு மேடையில் விழக் கூடாது. நாலடி தள்ளி உள்ளே ஒரு கனத்த திரை. பாட்டு நடுவில் உள்ளே விடாதீர்கள். கதவருகில் ஒருவர் நின்று, ஒரு கிருதி முடிந்ததும் கைகாட்டினால் போதும்.

மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்களைப் பலகை எழுதி நிறுத்த முடியாது. அவர்களுக்கு வழியோர இருக்கையைக் கொடுத்துவிடுங்கள், ஒன்பது முழங்காலைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. கேண்டீனைக் கச்சேரிக்கு 40 நிமிடம் முன்பே திறந்து, கச்சேரி தொடங்கியதும் மூடிவிட்டு, மங்களத்துக்குப் பிறகு மறுபடி திறப்பது என்று வைத்தால் தனியில் எழுகிற கூட்டம் பாதியாகும். போண்டா வாசனை ஹாலுக்குள் வராத திசையில் அடுப்பு, மிக்சி ஓடக் கூடாது. சிப்ஸ் பாக்கெட் விற்கவே கூடாது. அந்தத் தாள் நொறுங்கும் சத்தத்துக்கு எந்தப் பேனலும் கிடையாது.

கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து நேரத்தை வையுங்கள். எட்டே முக்காலுக்கு பஸ் என்றால் எட்டரைக்குக் கடைசிச் சின்ன உருப்படிகளான துக்கடா நடக்கும்போது ஹால் பாதி எழுந்துவிடும். ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்தால் அந்தப் பிரச்சினையே இல்லை.

மைக்வேண்டாம் பதில்:

எல்லாரும் 80 அடியை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள். வருவது 120 பேர். அவர்களை எதற்கு நீளவாக்கில் நிரப்ப வேண்டும்? நீளப் பக்கச் சுவரின் நடுவில் ஒன்றரை அடி மரமேடையைப் போடுங்கள், தெருப்பக்க ஜன்னலை அடைத்த சுவர்தான் சரியான இடம். அதைச் சுற்றி வில்போல வளைத்து ஆறு வரிசை, வரிசைக்கு 20. கடைசி ஆள் 30 அடிக்குள் இருப்பார். சென்னையில் மயிலாப்பூர் ராகசுதா ஹால் போன்ற சின்ன இடங்களில் பெரிய சபாக்களில் கிடைக்காத நெருக்கம் கிடைக்கக் காரணம் இந்த தூரம்தான். மியூசிக் அகாடமியின் டி.டி.கே. அரங்கம்போல் 1,600 பேர் அளவுக்கு உட்கார வைக்கும் இடத்துக்குச் சொல்லும் வைத்தியமெல்லாம் உங்களுக்கு எதற்கு?

30 அடி தூரம், ஃபேன் நின்ற ஹால் என்றால் மைக்கே இல்லாமல் பாடலாம். ஒரு மாதக் கச்சேரியை அப்படி வைத்துப் பாருங்கள்.

சுவர்க்கோழி பதில்:

மேடையைத் திருப்பும் யோசனை அருமை, எனக்குத் தோன்றவில்லை. இரண்டு திருத்தம் மட்டும்.

முதலாவது, மேடை திரும்பினால் எதிர்ச்சுவரும் மாறும். பேனலில் பாதியை, 500 சதுர அடி அளவுக்கு, நிரந்தரமாக எதிர் நீளச் சுவரில் ஜன்னல்களுக்கு இடையே மாட்டுங்கள். மீதியை நாலு அடிக்கு ஏழு அடிச் சட்டங்களாகச் செய்து அடியில் சக்கரம் வையுங்கள், 18 வரும். மாதக் கச்சேரிக்கு அவற்றை ஹாலின் இரு கோடியிலும் நிறுத்தினால் காலியாகக் கிடக்கும் இடம் முழங்காது. ஆராதனைக்குப் பழைய மேடையைப் பயன்படுத்தும்போது பின்சுவருக்குத் தள்ளிக்கொள்ளலாம். அன்றைக்கு ஆளே உறிஞ்சிக்கொள்வார்கள், கவலையில்லை. வித்வானுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் மட்டும் துணித்திரை தொங்கவிடாதீர்கள். வெறும் மரப்பலகை அல்லது வெறும் சுவர்.

இரண்டாவது, மைக் இல்லாமல் பாட 52 டெசிபல் ஃபேன் ஆகவே ஆகாது. 35க்குக் கீழே வர வேண்டும். மார்கழி, தை இரண்டு மாதம் ஃபேன் இல்லாமல் ஓட்டலாம், சித்திரையில் முடியாது. அப்போதும் எல்லாப் பாட்டுக்காரரும் அதற்குத் தயார் என்று நினைக்க வேண்டாம். மைக்குக்குப் பழகிய குரல் 30 அடிக்கு எட்டினாலும், மிருதங்கத்தின் கீழ் அமுங்கிப் போகும். வாசிக்கிறவரும் கையை அடக்க வேண்டும். முன்கூட்டிக் கேட்டுவிட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

ஏசிக்காரரிடம் அடுத்த வருடம் என்று சொல்லுங்கள். வாங்கும்போது ஸ்பிளிட் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடுதலாக, எல்லாம் குறைந்த வேகத்தில் ஓடும்படி. ஒன்றே ஒன்று முழு வேகத்தில் ஓடுவதைவிட அது சத்தம் குறைவு. வெளிப் பெட்டியை ஹால் சுவரில் பிராக்கெட் போட்டு மாட்டினால் அதிர்வு சுவர் வழியே உள்ளே வரும். தரையில் ரப்பர் மேல் வையுங்கள். மேடை மேல் நேராகக் காற்று படக் கூடாது. ஈரம் குறைந்த காற்றில் மிருதங்கத் தோல் இறுகிச் சுருதி ஏறும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டு, வாத்தியங்களையும் அதே காற்றில் வைத்திருந்தால் நடுவில் கல்லை எடுத்துத் தட்ட வேண்டியிருக்காது. அதுவரை ஃபேனில் மேடைக்கு மேல் உள்ள இரண்டை நிறுத்திவிட்டு மற்றவற்றை மூன்றாம் எண்ணில் ஓடவிடுங்கள், பெரும்பாலும் 45க்கு இறங்கிவிடும்.

பேனலுக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு தடவை, மாட்டியபின் ஒரு தடவை அளந்துவிடுங்கள். 12 அங்குல பலூனை இறுக்கமாக ஊதி, பாடகர் உட்காரும் இடத்தில் ஒருவர் வெடிக்கட்டும். முன் வரிசை, நடு, பின் மூலை மூன்றிலும் போனில் பதிவு செய்யுங்கள். போனில் இரைச்சல் குறைக்கும் வசதி அணைந்திருக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருளில் திறந்து டெசிபல் அளவில் பார்த்தால் சத்தம் சரிவாக இறங்குவது தெரியும். உச்சத்திலிருந்து 5 இறங்கிய இடம் முதல் 35 இறங்கிய இடம் வரை எத்தனை விநாடி என்று பார்த்து இரண்டால் பெருக்குங்கள். காலி ஹாலில் நாலுக்கு மேல் வந்தால் என் கணக்கு சரி. மூன்றுக்குக் கீழே வந்தால் உங்கள் கூரையோ சுவரோ நான் நினைத்ததைவிட நல்லது, 700 சதுர அடி பேனலே போதும். மிச்சப் பணத்தில் இன்னும் நாற்காலி வாங்கலாம்.

பலூன் வெடிக்குமுன் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.